பெங்களூருவில் கார் இடிபட்டால்: க்ளெய்ம், வாடகைக் கார், கைக்காசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில்க் போர்டு சிக்னலில் பின்னால் வந்தவர் முட்டியிருக்கலாம், கே.ஆர். புரம் தொங்குபாலத்தில் நீங்களே யாரையாவது முட்டியிருக்கலாம். யார் மேல் தப்பு என்ற பேச்சு ஒரு நாளில் ஓய்ந்துவிடும். வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களின் செலவு அப்படி ஓயாது. நம் ஊர் பாலிசி காரைப் பழுது பார்க்கத்தான் காசு தருகிறது. கார் இல்லாமல் நீங்கள் அலையும் நாட்களுக்கு, தனியாகக் கேட்டு வாங்கியிருந்தால் ஒழிய, ஒரு ரூபாயும் தராது. அதனால் கீழே உள்ள பதில்களில் நாள் கணக்கு அடிக்கடி வரும்.

இடித்த உடனே என்ன செய்ய வேண்டும்?

யாருக்காவது அடிபட்டிருந்தால் 108 அல்லது 112. மற்றதெல்லாம் அப்புறம். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்வதும் ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் தருவதும் அதே பிரிவில்தான் வருகிறது.

அடி வண்டிக்கு மட்டும்தான் என்றால், நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் வரட்டும். ரோடு, டிவைடர், சக்கரம் திரும்பியிருக்கும் பக்கம் எல்லாம் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று இன்னொன்று. பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடித்தே உயிரை எடுப்பார்கள். எடுக்கட்டும், இரண்டு நிமிடம்தான். பிறகு ஓரம் கட்டிவிட்டு, எதிராளியின் ஆர்சி, லைசென்ஸ், பாலிசி மூன்றையும் படம் பிடியுங்கள். காட்ட மறுத்தால் நம்பரை அரசின் எம்-பரிவாஹன் ஆப்பில் போட்டு அவர் வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

"போலீஸ், க்ளெய்ம் எதுவும் வேண்டாம் சார், ரெண்டாயிரம் வெச்சுக்கோங்க" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பம்பரில் கீறல் மட்டும் என்றால் வாங்கிக்கொண்டு கிளம்புவதில் தவறில்லை. ஆனால் இன்றைய பம்பருக்குப் பின்னால் சென்சார், பிராக்கெட், ரேடியேட்டர் சப்போர்ட் எல்லாம் இருக்கின்றன. கழற்றிப் பார்க்கும் வரை என்ன உடைந்தது என்று மெக்கானிக்குக்கே தெரியாது. பணம் வாங்கிக்கொண்டு "சமாதானமாகிவிட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னால் க்ளெய்ம் போடும்போது நிறுவனம் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டும். நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் நீங்கள் பொறுப்பை ஏற்கவோ வாக்குக் கொடுக்கவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. இடித்தவர் நீங்கள் என்றாலும் இதே கதைதான்: "என் தப்புதான், முழுசா நான் பார்த்துக்கறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காதீர்கள்.

எஃப்ஐஆர் கட்டாயமா?

உங்கள் கார் மட்டும் சேதம், யாருக்கும் அடியில்லை என்றால் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். காயம், உயிரிழப்பு, திருட்டு, அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் வேண்டும். இங்கே எஃப்ஐஆர் கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வண்டி எண், நேரம், ஓட்டியவர் பெயர் மூன்றையும் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வண்டி எண்ணில் ஒரு எழுத்து மாறினால் போதும், திருத்தம் வாங்கியே ஒரு வாரம் போய்விடும்.

புதுக் கார், மூணு வருஷ இன்சூரன்ஸ் இருக்கிறது. பயப்பட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். அது எதிராளிக்கு நீங்கள் செய்த சேதத்துக்கானது. உங்கள் காரின் சேதத்தைப் பார்க்கும் ‘ஓன் டேமேஜ்’ பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். ஷோரூமில் கொடுத்த தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். பெரிய எழுத்தில் உள்ள 3 வருடத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் ஏராளம். இப்போதே எடுத்துப் பாருங்கள்.

அக்கா மகன் ஓட்டும்போது இடித்துவிட்டான். க்ளெய்ம் கிடைக்குமா?

உங்கள் சம்மதத்தோடு ஓட்டினார், அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறது, குடித்திருக்கவில்லை என்றால் கிடைக்கும். பாலிசி வண்டியோடு போகிறது. ஓட்டியது நீங்கள்தான் என்று மாற்றிச் சொல்லும் யோசனையை யாராவது தந்தால் காதில் வாங்காதீர்கள். சிக்னல் கேமரா, அபார்ட்மென்ட் கேட் கேமரா எல்லாம் இருக்கும் ஊர் இது. பொய் பிடிபட்டால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணமும் போகும்.

பில் 47,200 ரூபாய். நிறுவனம் 35,300 தான் தருகிறது. மீதி எங்கே போச்சு?

அதிகம் சண்டை வரும் இடம் இது. பார்ட் பார்ட்டாகப் பிரித்துப் பார்ப்போம். நாலரை வருடப் பழைய கார், இன்ஜின் 1500 சிசிக்குள், சாதாரணப் பாலிசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பர் 9,000. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் வயது பார்க்காமல் பாதி தேய்மானம். கிடைப்பது 4,500. பானெட் 12,000. இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. நாலு முதல் ஐந்து வருடத்துக்கு 35 சதவீதம் என்பதால் 4,200 போய் 7,800 வரும். முன் கண்ணாடி 8,000. கண்ணாடிக்குக் கழிவே இல்லை, முழுதாகக் கிடைக்கும். லேபர் 9,000, அதுவும் முழுதாக. பெயின்டிங் 8,000. இதில் கால்வாசியை, அதாவது 2,000-ஐ, பெயின்ட் பொருளின் விலையாக வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். எனவே 7,000. கூட்டினால் 36,300. இதில் ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 (1500 சிசிக்கு மேல் என்றால் 2,000). மிச்சம் 35,300.

பில்லில் இருந்த கூலன்ட், கிளிப், கிரீஸ் வகையறா 1,200 ரூபாய் கணக்கிலேயே வராது. ஆக உங்கள் கையிலிருந்து 11,900.

கூடுதல் பிரீமியம் கட்டி, தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ ஆட்-ஆனை எடுத்திருந்தால் தேய்மானக் கழிவான 9,700 மிச்சமாகியிருக்கும். ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ ஆட்-ஆன் இருந்தால் அந்த 1,200-ம் வந்திருக்கும். கட்டாயக் கழிவிலிருந்து மட்டும் தப்ப முடியாது. பிரீமியத்தைக் குறைப்பதற்காக ‘வாலண்டரி டிடக்டிபிள்’ என்று, க்ளெய்மில் ஒரு தொகையை நீங்களே ஏற்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து கழியும். ஆன்லைனில் ரினியூ செய்யும்போது யோசிக்காமல் டிக் போட்ட கட்டம் அது.

கார் ஷெட்டில் இருக்கும் நாட்களுக்கு வாடகைக் கார் செலவை இன்சூரன்ஸ் தருமா?

அடிப்படைப் பாலிசி தராது. விபத்தின் பின்விளைவாக வரும் நஷ்டம் அதில் விலக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி "இன்சூரன்ஸ்காரனே ரென்டல் கார் கொடுப்பானே" என்று சொன்னால், அது அந்த ஊர்ப் பழக்கம். இங்கே சில நிறுவனங்கள் ‘டெய்லி அலவன்ஸ்’ என்றோ ‘லாஸ் ஆஃப் யூஸ்’ என்றோ ஒரு ஆட்-ஆன் விற்கின்றன. அதைப் பாலிசி தொடங்கும்போதே எடுத்திருக்க வேண்டும், இடித்த பிறகு சேர்க்க முடியாது.

அந்த ஆட்-ஆன் இருக்கிறது. கேப் பில்லை எல்லாம் எடுத்து வைக்கவா?

பாலிசி வாசகத்தைப் பாருங்கள். பல பாலிசிகளில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையான தொகைதான். நீங்கள் கேபில் போனீர்களா, பஸ்ஸில் போனீர்களா என்று கேட்பதில்லை. சிலவற்றில் பில் கேட்பார்கள். முதல் சில நாட்களைக் கழித்துவிடுவார்கள், மேல் வரம்பும் இருக்கும். உதாரணமாக நாளுக்கு 1,000, முதல் 3 நாள் கிடையாது, அதிகபட்சம் 10 நாள் என்று இருந்து, வண்டி 9 நாள் ஷெட்டில் நின்றால் 6,000 வரும். வண்டி ஒர்க்ஷாப்புக்கு உள்ளே போன தேதியிலிருந்து, "ரெடி, எடுத்துக்கோங்க" என்று அவர்கள் சொன்ன தேதி வரைதான் கணக்கு. ரெடியான வண்டியை நீங்கள் சனிக்கிழமை வரை விட்டுவைத்தால் அந்த நாட்கள் உங்கள் செலவு. நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்ஷாப்பில்தான் விட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம்.

ஒரே கார் உள்ள வீடு, இரவு ஷிப்ட், வயதான பெற்றோர் என்றால் இதை எடுக்கலாம். வீட்டில் இரண்டாவது வண்டி இருந்தால் அந்தப் பிரீமியத்தை ஜீரோ டெப்பில் போடுங்கள்.

தப்பு முழுக்க எதிராளி மேல். என் வாடகைச் செலவை அவரிடம் வாங்க முடியாதா?

கேட்கும் உரிமை உண்டு. அதற்கான இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பெங்களூருவில் ஸ்மால் காசஸ் கோர்ட்தான் அந்தத் தீர்ப்பாயமாகவும் இருக்கிறது. ஓட்டியவர், உரிமையாளர், அவர்களின் இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் சேர்க்க வேண்டும். தனியார் காரின் தேர்ட் பார்ட்டி பாலிசி, சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை பொறுப்பேற்கும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் சொல்கிறது. வாடகைச் செலவுக்கு ஒழுங்கான பில், வண்டி எத்தனை நாள் நின்றது என்பதற்கு ஒர்க்ஷாப் கடிதம் இரண்டும் இல்லாமல் போய் நின்றால் பிரயோசனமில்லை.

உங்கள் நிறுவனம் ஏற்கெனவே தந்த பழுதுச் செலவை அங்கே மறுபடி கேட்க முடியாது. கையிலிருந்து போன கழிவுத் தொகையையும் வாடகையையும் கேட்கலாம். தீர்ப்பாயம் அதில் எவ்வளவை ஏற்கும் என்பது வழக்கைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், பத்துப் பதினைந்தாயிரத்துக்கு வக்கீல் வைத்து கோர்ட் ஏறுவது வீண். டாக்சி வைத்துப் பிழைப்பவர், வண்டி ஒரு மாதம் நின்று வருமானமே போனவர் என்றால் வேறு விஷயம், அவர்கள் கட்டாயம் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

வண்டி சீக்கிரம் வெளியே வர என்ன செய்வது?

வாடகைச் செலவைக் குறைக்க உங்கள் கையில் உண்மையில் இருப்பது இது ஒன்றுதான். நாட்கள் எங்கே கரைகின்றன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் தகவல். அன்றைக்கே கால் சென்டரிலோ ஆப்பிலோ சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். தாமதத்தை மட்டும் காரணமாகச் சொல்லி நியாயமான க்ளெய்மைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011-லேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அது தள்ளுபடியிலிருந்து காப்பாற்றும், போன நாட்களைத் திருப்பித் தராது. அடுத்தது சர்வே, அதாவது நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடுவது. சர்வேயர் பார்ப்பதற்கு முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். சேதம் 50,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் லைசென்ஸ் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை, வீடியோ காலிலேயே முடித்துவிடும் நிறுவனங்கள் உண்டு. அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

நாள் அதிகம் போவது மூன்றாவது கட்டத்தில். பிரித்த பிறகு உள்ளே கூடுதல் சேதம் தெரியும். அதற்குத் தனி எஸ்டிமேட், மறுபடி அப்ரூவல், அப்புறம்தான் பார்ட்ஸ் ஆர்டர். ஒர்க்ஷாப் நிறுவனத்தைக் கைகாட்டும், நிறுவனம் ஒர்க்ஷாப்பைக் கைகாட்டும், நீங்கள் நடுவில் கேபுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். போனில் திட்டுவதால் ஒன்றும் நகராது. சர்வீஸ் அட்வைசருக்கும் க்ளெய்ம் பிரிவுக்கும் ஒரே மெயிலில் இப்படி எழுதுங்கள்: "க்ளெய்ம் எண் இது. வண்டி திங்கள் காலை உள்ளே வந்தது. கூடுதல் எஸ்டிமேட் எப்போது அனுப்பினீர்கள், அப்ரூவல் எப்போது வந்தது, எந்த பார்ட் எந்தத் தேதியில் ஆர்டர் ஆனது, எப்போது வரும் என்று தெரிவிக்கவும்." இரண்டு பேரும் ஒருவர் தேதியை மற்றவர் பார்க்கும்போது வேலை நகரும். பின்னால் புகார் கொடுக்கவும் அந்த மெயில்தான் ஆவணம்.

கடைசியாக, கேஷ்லெஸ் (நிறுவனமே ஒர்க்ஷாப்புக்கு நேராகப் பணம் கட்டுவது) என்றால் நிறுவனத்தின் டெலிவரி ஆர்டர் வந்தால்தான் வண்டியை விடுவார்கள். வெள்ளி மாலை ரெடியாகும் வண்டிக்கு ஆர்டர் திங்கள்தான் வரும். வியாழனே நினைவுபடுத்துங்கள்.

அதுவரை எதில் போவது மலிவு?

தினம் ஆபீஸ் மட்டும் என்றால் மெட்ரோ பாஸ், மீதிக்கு ஆட்டோ. பர்ப்பிள் லைன் வைட்ஃபீல்டு வரை போகிறது. 2025 ஆகஸ்ட் முதல் யெல்லோ லைன் எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை ஓடுவதால் ஓசூர் ரோட்டுக்காரர்களுக்குப் பெரிய ஆசுவாசம். குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டிய வார இறுதிக்கு மட்டும் செல்ஃப் டிரைவ் எடுங்கள். முழு ரிப்பேர் காலத்துக்கும் எடுத்தால் வாடகை பில் ரிப்பேர் பில்லைத் தாண்டிவிடலாம்.

தெரிந்தவர் தன் சொந்தக் காரை நாள் வாடகைக்குத் தருகிறேன் என்கிறார்...

வேண்டாம். ஒயிட் போர்டு (சொந்த உபயோக) வண்டியை வாடகைக்கு விடுவதே சட்டப்படி தவறு. நடுவழியில் இடித்தால் "வாடகைக்கு ஓடியது" என்று சொல்லி ஓன் டேமேஜ் க்ளெய்மை நிறுவனம் தள்ளும். நட்பும் போகும். முறையான செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும்.

செல்ஃப் டிரைவ் காரை நானே இடித்துவிட்டால்?

உங்கள் சொந்தக் காரின் பாலிசி அதற்கு உதவாது. வாடகை ஒப்பந்தத்தில் சேதத்துக்கு உங்கள் பொறுப்பு எத்தனை ரூபாய் வரை என்று ஒரு வரி இருக்கும். டயர், கிளட்ச், அடிப்பாகச் சேதம், குடித்து ஓட்டுதல் ஆகியவற்றுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று அடுத்த வரி இருக்கும். இரண்டையும் படித்துவிட்டுச் சாவி வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும், கூரையும், உள்ளேயும் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு டெபாசிட்டில் பிடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். அத்திப்பள்ளி தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போவதாக இருந்தால் பெர்மிட்டும் வரியும் கட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

சின்ன அடி. க்ளெய்ம் போடவா, கைக்காசு போடவா?

என்சிபி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், க்ளெய்ம் போடாத வருடங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் பூஜ்யம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, இப்போது 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த வருடம் 4,000 கூடுதல், அதற்கடுத்து 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000. பிரீமியம் வருடா வருடம் குறைவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கம்மியாக இருக்கும். நிறுவனத்திடமிருந்து வரப்போவது இதைவிடக் குறைவு என்றால் தெரிந்த டிங்கரிங் ஷெட்டில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே சர்வேக்குக் காத்திருக்கவும் வேண்டாம், இரண்டு நாளில் வண்டி கையில்.

தப்பு எதிராளி மேல் இருந்தாலும், உங்கள் பாலிசியில் க்ளெய்ம் போட்டால் உங்கள் போனஸ்தான் போகும். அநியாயம்தான். ‘என்சிபி புரொடெக்ஷன்’ ஆட்-ஆனுக்கு நான் ஆதரவு சொல்வது இதனால்தான்.

டிஎன் நம்பர் வண்டியை பெங்களூருவில் ஓட்டுகிறேன். க்ளெய்முக்குச் சிக்கலா?

பாலிசி இந்தியா முழுவதும் செல்லும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது தனிச் சட்டக் கடமை, அதை ஆர்டிஓ பார்ப்பார். இன்சூரன்ஸில் பெங்களூரு, சென்னை போன்ற பெருநகரங்கள் ஒரு மண்டலம், ஓசூர், சேலம் போன்றவை இன்னொன்று. கேஏ நம்பருக்கு மாற்றும்போது பிரீமியம் சற்று மாறும். மாற்றியதும் பாலிசியில் நம்பரைத் திருத்தச் சொல்லுங்கள்.

செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். பாலிசி இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கிறது.

இன்றைக்கே மாற்றுங்கள். தேர்ட் பார்ட்டி பகுதி தானாக உங்களுக்கு வரும், ஓன் டேமேஜ் வராது. உரிமை மாறிய 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் என்சிபி அவரோடு போய்விடும்.

மழையில் வண்டி மூழ்கிவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

சாவியைத் தொடவே தொடாதீர்கள். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், யெமலூர் பக்கம் பேஸ்மென்ட்டில் நின்ற கார்கள் மூழ்கின. நின்ற வண்டிக்குள் தண்ணீர் போனது வெள்ளச் சேதம், பாலிசியில் வரும். நீங்கள் ஸ்டார்ட் செய்து, சிலிண்டருக்குள் தண்ணீர் இழுத்து, கனெக்டிங் ராடு வளைந்தால் அது உங்கள் செயலால் வந்த சேதம் என்பார்கள். ‘இன்ஜின் புரொடெக்ட்’ ஆட்-ஆன் இல்லாவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில். டோ செய்து கொண்டுபோங்கள். சாதாரணப் பாலிசி டோயிங்குக்கு 1,500 ரூபாய் வரைதான் தரும்.

டோட்டல் லாஸ் என்கிறார்கள். லோன் இன்னும் இருக்கிறது.

பழுதுச் செலவு ஐடிவி-யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அப்படி அறிவிப்பார்கள். ஐடிவி என்பது பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பு. பணம் முதலில் பேங்குக்குப் போகும், மிச்சம் உங்களுக்கு. தீர்வு வரும் வரை ஈஎம்ஐ ஓடிக்கொண்டேதான் இருக்கும், நிறுத்தாதீர்கள். ஈஎம்ஐயோடு வாடகைக் காரையும் சேர்த்துச் சுமக்காமல், சீக்கிரம் முடிவு சொல்லும்படி எழுத்தில் நெருக்குங்கள்.

க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள், அல்லது அடிமாட்டு விலைக்குக் குறைத்துவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். தள்ளியதற்குப் பாலிசியின் எந்த நிபந்தனை காரணம் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ஐஆர்டிஏஐ-யின் ‘பீமா பரோசா’ தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மேன். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரையிலான விவகாரம் போகலாம், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே கிடைக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே இரண்டு வருட அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

குறைத்த தொகையை இப்போதைக்கு வாங்கிக்கொள்ள வேண்டிய நெருக்கடி என்றால், "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் அப்படியே கையெழுத்துப் போடாமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று கையால் எழுதி, தேதி போட்டு, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.